தாழ்ந்த வயலுக்கு சி.ஆர். 1009 சப் 1: மூன்று சம்பாப் பருவங்களின் அனுபவம்

திருவாரூர் மாவட்டத்தின் கடைமடையில் எங்களுக்கு எட்டு மா நிலம் இருக்கிறது (மூன்று மா என்பது ஏறத்தாழ ஓர் ஏக்கர்). அதில் மூன்று மா தாழ்ந்த வயல். வடகிழக்குப் பருவமழை வலுத்து வடிகால் எதிர்த்துக்கொண்டால் வெள்ளம் முதலில் ஏறுவது அங்கேதான். அந்த வயலில், வெள்ளத்தில் சில நாள் மூழ்கினாலும் பிழைக்கும் சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் ரகத்தைப் பயிரிட்ட அனுபவத்தை எழுதுகிறேன்.

இந்த ரகத்தைப் பற்றி வேளாண்மை அலுவலர் முதலில் சொன்னபோது நான் வாங்கவில்லை. புது ரகம் என்றால் வயது மாறும், அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லிவைக்கும் நாள் மாறும், வியாபாரி என்ன விலை கேட்பாரோ, வைக்கோலை மாடு தின்னுமோ என்ற கேள்விகள் எழும். கூட்டுறவுச் சங்கக் கடனில் பயிரிடுபவனால் இவற்றை எல்லாம் ஒரே பருவத்தில் சோதித்துப் பார்க்க முடியாது.

2021 நவம்பர் மழையில் எங்கள் வயலும் பக்கத்திலிருந்த பெரியப்பாவின் வயலும் ஒன்பது நாள் மூழ்கிக் கிடந்தன. அவர் மட்டும் இந்த ரகத்தை விதைத்திருந்தார். நீர் வடிந்தபோது இரண்டு வயலும் சேறு படிந்து, செத்தவை போலத்தான் தெரிந்தன. பெரியப்பா தம் வயலில் ஒரு தூரைப் பிடுங்கித் தண்டை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. எங்கள் பயிரின் தண்டோ விரலிடுக்கில் கூழானது. பத்து நாளில் அவர் வயல் பச்சை பிடித்தது. அடுத்த சம்பாவில் அவரிடமே விதைநெல் வாங்கி ஒரு மாவில் மட்டும் விதைத்தேன். அதன்பின் மூன்று மாவிலும்.

இந்தப் பண்பு ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற நெல்லிலிருந்து வந்தது. அதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். மற்ற நெல் மூழ்கியதும் காற்றைத் தேடி உயர்ந்து, சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்துவிட்டு, நீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். இது வளர்ச்சியை அடக்கிச் சத்தைக் காத்து, ஏறத்தாழ இரண்டு வாரம்வரை தாக்குப்பிடித்துப் பின் துளிர்க்கிறது. இந்த மரபணு சேர்ந்ததைத் தவிர, மற்றபடி எல்லாம் நமக்குப் பழகிய பழைய சி.ஆர். 1009 நெல்தான்: 155 நாளுக்கு மேற்பட்ட அதே வயது, அதே குண்டரிசி, வீட்டில் இட்லிக்கு ஊறவைக்கும் அதே அரிசி. நான் துணிந்து வாங்கியதற்கு இதுவே பெரிய காரணம். வெள்ளப் பயம் ஒன்றைக் குறைப்பதற்காக வேறு எதையும் நான் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

2024 நவம்பர் இறுதி மழையில் ஆறு நாள் மூழ்கியும் மூன்று மாவில் 60 கிலோ மூட்டையாக 26 கண்டது. வெள்ளமில்லாத முந்தைய ஆண்டில் 31.

குறைகளும் உண்டு. பூக்கும் தருணத்தில் மூழ்கினால் இந்த ரகமும் காப்பாற்றாது. முழங்கால் அளவு நீர் மாதக்கணக்கில் தேங்கும் வயலுக்கும், நேரடி விதைப்பு முளைக்கும் முன்பே மூழ்கும் வயலுக்கும் இது தீர்வல்ல. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இதற்குச் சன்ன ரகத்தைவிடக் குறைவான பொது ரக விலைதான் கிடைக்கும் என்பதால், மேட்டு வயல் ஐந்து மாவில் நாங்கள் சன்ன ரகத்தை மாற்றவில்லை.

ஓராண்டு ஒரு தனியார் கடையில் வாங்கிய விதையில் கலப்பு மிகுந்திருந்தது. ஒரு பக்கம் கதிர் முற்றியிருக்க மறுபக்கம் பூத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மனம் வெதும்பினேன். எனவே நீல அட்டை கட்டிய சான்று விதையையே கேட்டு வாங்குங்கள். அட்டையையும் ரசீதையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். முதல் ஆண்டு ஒரு மாவுக்கு மேல் போட வேண்டாம், அதுவும் உங்கள் நிலத்திலேயே தாழ்ந்த மாவாக இருக்கட்டும்.