சுரினாக்: சின்ன ரித்மோ ஹோந்தோவா, பெரியதா, கிரஹாமின் தோட்டமா?

ஸ்பானிஷ் சாயல் உள்ள ஆர்கெஸ்ட்ரா இசை வேண்டும் என்று யாராவது கேட்டால் எல்லோரும் இசையமைப்பாளர் மானுவல் தே ஃபாயாவைத்தான் கைகாட்டுவார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் அவருக்கு அடுத்த தலைமுறையில், நியூயார்க்கில் குடியேறி, அமெரிக்க மாடர்ன் டான்ஸ் குழுக்களுக்காக வரிசையாக இசை எழுதிக் கொடுத்த கார்லோஸ் சுரினாக்கின் பெயரை யாரும் சொல்வதில்லை. 1915இல் பார்சிலோனாவில் பிறந்து, ஜெர்மனியில் படித்து, பாரிஸில் சில வருடம் இருந்துவிட்டு 1951இல் அமெரிக்கா போனவர். ஸ்பானிஷ் இசையமைப்பாளர் ஆல்பெனிஸின் 'இபேரியா'வில் 12 பியானோ துண்டுகள் உண்டு. அதில் 5 துண்டுகளை இசை நடத்துநர் ஆர்போஸ் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார், மீதி 7-ஐ முடித்தவர் இவர்தான். அந்த வேலைக்காக நினைவில் வைத்திருக்கும் அளவுக்குக்கூட அவருடைய சொந்த இசையை உலகம் வைத்துக்கொள்ளவில்லை என்பதில் எனக்கு நிஜமான வருத்தம் உண்டு.

ஆடுவதற்காக எழுதிய இசைக்கு ஒரு சாபம் உண்டு. ஆட்டம் மேடையிலிருந்து இறங்கினால் இசையும் கூடவே இறங்கிவிடும். அமெரிக்க இசையமைப்பாளர் காப்லாந்தின் 'அப்பலேச்சியன் ஸ்பிரிங்' தப்பித்தது, கச்சேரி மேடைக்கு ஒரு தொகுப்பாக உடனே மாறியதால். சுரினாக்குக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அதனால் இன்றைக்கு அவரைத் தேடிப் போகிறவர் முதலில் எதைக் கேட்க வேண்டும் என்பது கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்விதான்.

முதல் வழி, 1952இல் எழுதிய சின்ன 'ரித்மோ ஹோந்தோ'. ஹோந்தோ என்றால் ஆழம், ஆழ்ந்த தாளம் என்று வைத்துக்கொள்ளலாம். கிளாரினெட், ட்ரம்பெட், சைலஃபோன், தாளக்கருவிகள், இவற்றோடு கைதட்டுகிறவர்கள். வயலின் கிடையாது, கிதார் கிடையாது. ஃபிளமென்கோ, அதாவது தெற்கு ஸ்பெயினின் பாட்டும் ஆட்டமும், என்றதும் கிதாரைத்தான் எதிர்பார்ப்போம், அதை அடியோடு விலக்கிவிட்டு மனிதக் கைகளை மட்டும் வைத்துக்கொண்டார் பாருங்கள், அந்தத் துணிச்சலுக்காகவே இதை எனக்குப் பிடிக்கும். மூன்றே துண்டுகள், மூன்றும் ஃபிளமென்கோ வகைகளின் பெயர்கள்: புலேரியாஸ், சயேதா, கர்ரோத்தீன்.

புலேரியாவின் கணக்கு 12 எண்ணிக்கை. அழுத்தங்கள் சமமாக விழாது. தகிட தகிட தக தக தக என்று மேசையில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், இரண்டு மூன்றும் மூன்று இரண்டும் வந்துவிடும். இப்போது அதையே வேகமாகத் தட்டிக்கொண்டு, நடுவில் வேறொருவர் உங்கள் அடிகளுக்கு இடையே இருக்கும் வெற்றிடத்தில் மட்டும் தட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளமென்கோ கைதட்டு அப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு போகும். அதிலும் இரண்டு குரல் உண்டு. உள்ளங்கையைக் குழித்து அடித்தால் மொத்தையான சத்தம், விரல்களை உள்ளங்கையில் சுரீர் என்று அடித்தால் கூர்மையான சத்தம். ஒரு பதிவு நல்ல பதிவா என்று பார்க்க நான் முதலில் கவனிப்பது இதைத்தான்: கைதட்டு அறையின் ஒரு மூலையில் தூசியாகக் கேட்கிறதா, அல்லது தோல் மேல் தோல் படுவது தெரிகிறதா. பின்னால் தள்ளி வைத்த கைதட்டு என்றால் அந்த இசைத்தட்டை வாங்காதீர்கள்.

இரண்டாவது வழி, அதே இசையின் பெரிய வடிவம். 1953இல் அமெரிக்க நடன அமைப்பாளர் டோரிஸ் ஹம்ப்ரி, ஹோசே லிமோனின் நடனக் குழுவுக்காக நடனம் அமைத்தபோது சுரினாக் இதைச் சின்ன ஆர்கெஸ்ட்ராவுக்கு விரித்து எழுதினார். ஆண்கள், பெண்கள், சந்திப்பும் பிரிவும் என்று ஆட்டம் நகரும். ஹம்ப்ரிக்கு ஸ்பெயின் புதிதில்லை, 1946இலேயே ஸ்பானிஷ் கவிஞர் லோர்காவின் காளைச்சண்டை வீரன் இரங்கற்பாவை மேடையேற்றியவர். சரி, சின்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பெரியதில் மூச்சு விட இடம் இருக்கிறது, ஆட்கள் உள்ளே வருவதற்கும் போவதற்கும் நேரம் இருக்கிறது, ஒரு கதை போல விரிகிறது. ஆனால் தந்திக் கருவிகள் வந்ததும் தாளத்தின் எலும்பு வெளியே தெரிவது குறைந்துவிடுகிறது. சயேதாவில் இது நன்றாகத் தெரியும். சயேதா என்பது செவில்லா போன்ற ஊர்களில் புனித வாரத்தில் சிலை ஊர்வலம் வரும்போது பால்கனியில் நின்று ஒற்றைக் குரலில் பாடுவது. ஊர்வலத்தின் ஊதுகுழலும் முரசும் அப்படியே நின்றுவிடும், தெருவே அந்தக் குரலைக் கேட்கும். அந்தத் தனிமைக்கு ட்ரம்பெட்டும் முரசும் போதும், அதற்குமேல் சேர்ப்பது எல்லாம் தெருவில் கூட்டம் சேர்ப்பது மாதிரிதான். எனவே கேட்க மட்டும் என்றால் என் ஓட்டு சின்னதற்கு. அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அப்புறம் அமெரிக்க மாடர்ன் டான்ஸின் பெரிய பெயர், மார்த்தா கிரஹாம். இங்கே என் கணக்கு மாறிவிடுகிறது. 1958இல் வந்த 'எம்பேட்டில்ட் கார்டன்', அதாவது போர் மூண்ட தோட்டம், ஏதேன் தோட்டக் கதைதான். ஆதாம், ஏவாள், யூதக் கதைகளில் ஆதாமின் முதல் மனைவியான லிலித், அந்நியன் என்று நாலே பேர், சிற்பி இசாமு நோகுச்சி அமைத்த மேடை. கிரஹாமின் ஆட்டத்தில் உடல் வயிற்றுக்குள் சுருங்கி, பிடித்து, பிறகு விடும். சுரினாக்கின் இசையும் அதே சுபாவம்தான்: ஒரு சின்ன சொற்றொடரைச் சொல்லும், நிறுத்தும், திரும்ப முகத்தில் அடிப்பது போல் சொல்லும், சுற்றி வளைத்து வளர்த்துக்கொண்டு போகாது. இதை வெறும் காதால் கேட்டால் சில இடங்களில் ஏன் திடீரென நின்றது என்று குழம்புவோம். ஆட்டத்தோடு பார்த்தால் அந்த நிறுத்தத்தில் ஒரு தோள் திரும்பியிருக்கும். ஆகவே இதன் ஒலிப்பதிவை முதலில் வாங்க வேண்டாம் என்பேன், ஆட்டத்தின் படப்பதிவு கிடைத்தால் அதைப் பாருங்கள். ஆனால் சுரினாக் எழுதியதிலேயே மகத்தானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

1960இன் 'அக்ரோபேட்ஸ் ஆஃப் காட்' இன்னொரு ரகம், மேடையிலேயே மாண்டலின் வாசிப்பவர்கள், ஆடுகிறவர்களின் தினசரிப் பயிற்சியையே கொண்டாடும் ஆட்டம், அதில் கிரஹாம் தன் 65 வயதில் ஆடினார். நல்ல வேடிக்கை. ஆனால் இசைத்தட்டில் கேட்டால் மாண்டலினின் இனிமை தவிர பெரிதாக எதுவும் மனதில் நிற்பதில்லை.

ஃபாயாவையே எடுத்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'எல் அமோர் புரூஹோ'வுக்கும் இதே சின்னது-பெரியது தகராறு உண்டு. 1915இல் மாட்ரிடில் ஃபிளமென்கோ ஆட்டக்காரி பஸ்தோரா இம்பேரியோவுக்காக எழுதிய சின்னக் குழு வடிவம் ஒன்று, நாம் எல்லோரும் அறிந்த 1925 பாலே வடிவம் இன்னொன்று. அங்கேயும் சின்னதில்தான் மண் வாசனை அதிகம். ஃபாயாவின் அந்த 1915 வடிவத்தைக் கேட்டு ரசித்தவருக்குச் சுரினாக்கின் 1952 துண்டுகள் சொந்தக்காரர் வீடு போலத்தான் இருக்கும், நேராக உள்ளே போய்விடலாம்.

இதற்கு மேல் தேட ஆசைப்பட்டால், ராபர்ட் விட்னி நடத்திய அமெரிக்காவின் லூயிவில் ஆர்கெஸ்ட்ராவின் பழைய பதிவில் 'சின்ஃபோனியெட்டா ஃபிளமென்கா' இருக்கிறது, அந்த ஆர்கெஸ்ட்ரா கேட்டுக்கொண்டதால் எழுதிய இசை. பியானோ பிடிக்கும் என்றால் அலீசியா தே லாரோச்சா வாசித்த பியானோ கன்செர்ட்டோ. இன்னொன்று: 1962இல் ஆல்வின் எய்லி, லோர்காவின் பெர்னார்தா ஆல்பா கதையை ஜாஃப்ரி பாலேவுக்கு ஆட்டமாக்கியபோது எடுத்துக்கொண்டது சுரினாக்கின் இசையைத்தான், ரித்மோ ஹோந்தோவின் பகுதிகளும் அதில் உண்டு. பூட்டிய வீட்டுக்குள் ஐந்து பெண்களும் ஒரு தாயும் என்று மனதில் வைத்துக்கொண்டு, அந்தச் சின்ன வடிவத்தை இரவில் ஹெட்ஃபோனில் இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள். கைதட்டு கதவைத் தட்டுவது போல் கேட்கும்.