பைலட் கனவுக்குப் பணம் கட்டும் முன் அளவு நாடாவை எடுங்கள்

‘என்டிஏ, சிடிஎஸ், அஃப்கேட் மூன்றுக்கும் ஒரே கட்டணம், விமானப்படை பைலட் ஆவது உறுதி’ என்று சொல்லிச் சேர்க்கும் பயிற்சி மையங்களைப் பற்றிய எச்சரிக்கை இது. (என்டிஏ பிளஸ் டூ படிப்பை வைத்து எழுதும் அதிகாரி நுழைவுத் தேர்வு; சிடிஎஸ், அஃப்கேட் இரண்டும் பட்டதாரிகளுக்கானவை.) போன பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம். தவறான யோசனையால் அடைபடும் வழி திரும்பத் திறக்காது.

கண்ணாடி போட்ட 17 வயதுப் பையனிடம் ஒரு மையத்தில் சொன்ன யோசனை: “லேசிக் பண்ணிட்டு வா தம்பி, என்டிஏ எழுதலாம்.” கண்ணாடி தேவைப்படாமல் செய்யும் அந்த லேசர் கண் சிகிச்சையை வீட்டில் கடன் வாங்கிச் செய்துவிட்டார்கள். என்டிஏ வழியாக விமானப்படைக்கு வருபவர்களுக்கு லேசிக், அதைப் போன்ற பிஆர்கே லேசர் சிகிச்சை எதுவும் ஏற்கப்படாது, அறிவிக்கையிலேயே அச்சாகியிருக்கிறது. அஃப்கேட் வழியில் லேசிக் ஏற்பு உண்டு. ஆனால் 20 வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது, செய்தபின் 12 மாதமாவது பார்வை நிலையாக இருக்க வேண்டும். ஆக, ஒரே சிகிச்சையில் இரண்டு வழியும் போயிற்று. அந்தப் பையன் செய்திருக்க வேண்டியது, பட்டப்படிப்பில் சேர்ந்து பொறுத்திருந்து, கண் மருத்துவரும் சரியென்றால் 20 முடிந்தபின் சிகிச்சை செய்துகொண்டு, அஃப்கேட் வயது வரம்பான 24க்குள் எழுதுவது. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைலட்டாகத் தேர்வாக முடியாது என்பதால்தான் இவ்வளவு கணக்கு.

பணம் கட்டும் முன் வீட்டிலேயே ஒருமுறை அளந்து பாருங்கள். தரையில் முதுகும் இடுப்பும் சுவரில் ஒட்ட உட்கார்ந்து காலை நேராக நீட்டினால், சுவரிலிருந்து குதிகால்வரை 99 முதல் 120 செ.மீ. இருக்க வேண்டும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் பின்புறத்திலிருந்து முட்டிவரை 64 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96, நின்ற உயரம் குறைந்தது 162.5. விமானி அறையின் அளவுக்கு உடம்பு பொருந்த வேண்டுமே, அதற்காக வந்த எண்கள் இவை. எந்தப் பயிற்சியும் தொடை எலும்பைக் குறைக்காது. நிறக்குருடு இருக்கிறதா என்றும் கண் மருத்துவரிடம் அன்றே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பாடப்பிரிவு. பிளஸ் டூவில் கணிதம் இல்லாத ‘பியூர் சயின்ஸ்’ மாணவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். என்டிஏவில் விமானப்படைப் பிரிவுக்குப் பன்னிரண்டில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம். அஃப்கேட் பறக்கும் பிரிவுக்கு இயற்பியல், கணிதம் இரண்டிலும் தலா 50 சதவீதம், பட்டத்தில் 60 சதவீதம் வேண்டும்.

எழுத்துத் தேர்வுக்குப் பின் பல நாள் நடக்கும் அதிகாரித் தேர்வுதான் எஸ்எஸ்பி. அதோடு சேர்ந்து வரும் சிபிஎஸ்எஸ் எனப்படும் விமானித் திறன் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். “சும்மா அனுபவத்துக்கு ஒரு எஸ்எஸ்பி போய்ட்டு வா” என்று அனுப்பி, தயாராகாமல் அந்தத் திறன் தேர்வில் தோற்றால், பின்னால் எந்த வழியில் வந்தாலும் பைலட் பிரிவு கிடையாது. பறக்கும் பிரிவுக்கு எஸ்எஸ்பி அழைப்பு வந்தால் அதுதான் உண்மையான வாய்ப்பு என்று எண்ணிப் போங்கள்.

லட்சக்கணக்கில் செலவழித்து கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் எடுத்தால் விமானப்படையில் நேரடியாகச் சேரலாம் என்பதும் பொய். அதனால் கிடைப்பது வயது வரம்பில் 24லிருந்து 26வரை இரண்டு ஆண்டுச் சலுகை மட்டுமே. எழுத்துத் தேர்வு, எஸ்எஸ்பி, மருத்துவம் எல்லாம் அப்படியே இருக்கும். ‘அக்னிவீர் வாயுவாகச் சேர்ந்தால் அங்கிருந்தே பைலட்’ என்பவரையும் நம்பாதீர்கள்; அது நான்கு ஆண்டு வீரர் பணி, அதிகாரிப் பதவியே அல்ல.

கல்லூரியில் என்சிசி விமானப் பிரிவில் ‘சி’ சான்றிதழ் எடுத்தவர்களுக்கு, எழுத்துத் தேர்வில்லாமல் நேரே எஸ்எஸ்பி போகும் தனி நுழைவு இருக்கிறது. கட்டணம் வாங்க முடியாத வழி என்பதாலோ என்னவோ, இதை எந்த மையமும் வாய் திறந்து சொல்வதில்லை. முதலாண்டிலேயே உங்கள் கல்லூரியில் விமானப் பிரிவு உண்டா என்று கேளுங்கள்.

“எஸ்எஸ்பியில் ஆள் இருக்கு” என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மைசூரோ டேராடூனோ, எங்கே போனாலும் உளவியலாளர், குழுத் தேர்வு அதிகாரி, நேர்காணல் அதிகாரி மூவரும் தனித்தனியாக மதிப்பிட்டு, கடைசி நாளில்தான் ஒன்றாக உட்காருகிறார்கள்.