இரவுநேர லோ சுகருக்குக் காவலாக ஒரு சென்சார்: மூன்று மாத அனுபவம்

68 வயதான என் தாயார் காலையும் இரவும் கலப்பு இன்சுலின் போட்டுக்கொள்பவர். இரவு ஊசியிலுள்ள நடுத்தர வேக இன்சுலின் நள்ளிரவை ஒட்டி உச்சத்தை எட்டுவதால், இரண்டு இட்லியோடு எழுந்துவிடும் நாள்களில் அதிகாலைக்குள் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். படபடப்பும் கைநடுக்கமும் முன்னெச்சரிக்கையாக வர வேண்டும். ஆனால் அவர் உட்கொள்ளும், இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை அவற்றை மறைத்துவிட, வியர்வை மட்டுமே மிஞ்சும். ஒருநாள் விடியற்காலையில் தலையணை நனைந்து, கேட்டதற்குப் பொருந்தாத பதில் சொல்லிக்கொண்டிருந்தவரைக் கண்ட பிறகே, மருத்துவரின் ஆலோசனைப்படி, மேல்கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரை வாங்கினோம்.

ஒரு சென்சார் 14 நாள் உழைக்கிறது. கைப்பேசியைக் காட்டினால் மட்டுமே அளவு சொல்லும் வகையும் உண்டு. உறங்குபவருக்கு அதனால் பயனில்லை, தானாக அலாரம் அடிப்பதையே வாங்க வேண்டும். அதில் எண்ணைவிட நான் நம்புவது, சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் பக்கத்திலுள்ள அம்புக்குறியை. படுக்கப் போகும்போது 95 என்று காட்டினாலும், அம்பு கீழ்நோக்கி இருந்தால் ஒரு தம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுக்காமல் நான் விளக்கை அணைப்பதில்லை.

குறையும் உண்டு. சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தால், சர்க்கரை சரியாக இருக்கும்போதே தாழ்ந்ததாகக் காட்டி அலாரம் அடித்துவிடும். அவர் ஒருக்களித்துப் படுக்காத கையில் ஒட்டியபின் இது பெரிதும் குறைந்தது. மேலும், அது அளப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்கடியிலுள்ள திரவத்தை என்பதால் சில நிமிடங்கள் பின்தங்கும். 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்த பிறகும் சென்சார் பழைய எண்ணையே காட்ட, பதறி மீண்டும் மீண்டும் கொடுத்து, காலையில் 300-ஐப் பார்த்திருக்கிறேன். இப்போது 15 நிமிடம் காத்திருந்து, விரலில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்த்த பின்பே அடுத்த முடிவு. நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாதம் இரண்டு சென்சார் என்பது நடுத்தரக் குடும்பத்திற்குப் பெருஞ்செலவுதான். தொடர்ந்து வாங்க இயலாதவர்கள் ஊசியின் அளவை மாற்றும் காலத்திலாவது ஒன்றை ஒட்டிப் பார்க்கலாம் என்பேன். முதல் 14 நாள் வரைபடத்தில் ஒவ்வொரு இரவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விழுந்த பள்ளத்தைக் கண்ட மருத்துவர், இரவு ஊசியைக் குறைத்தார். கடந்த மாதம் முழுவதும் அலாரம் இரண்டு முறைதான் அடித்தது.