ஏசி/டிசியின் 'ஸ்டிஃப் அப்பர் லிப்': உசிலம்பட்டி ரோட்டில் பல வருடங்களாகக் கேட்கும் ஆல்பம்

ஆஸ்திரேலிய ராக் இசைக்குழு ஏசி/டிசியின் புகழ்பெற்ற 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தைக் கேட்டே பழகியவர்களுக்கு 2000இல் வந்த இந்த ஆல்பம் கொஞ்சம் அடங்கினதாகத் தெரியும். எனக்கோ அவர்களுடைய ஆல்பங்களில் நாளாக நாளாக நெருக்கமானது இதுதான். வேலை விஷயமாக மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் அடிக்கடி வண்டி ஓட்டுகிறேன். காளவாசல் நெரிசல் முடிந்து நாகமலை புதுக்கோட்டை வந்ததும் இதைப் போட்டுவிடுவேன்.

முந்தைய 'பால்பிரேக்கர்' (1995) ரிக் ரூபின் தயாரிப்பு. இதைத் தயாரிக்க, குழுவின் கிட்டார் கலைஞர்களான ஆங்கஸ், மால்கம் இருவரின் அண்ணன் ஜார்ஜ் யங் திரும்ப வந்தார். 70களில் ஹாரி வாண்டாவுடன் சேர்ந்து இவர்களுடைய ஆரம்ப ஆல்பங்களைத் தயாரித்தவர். சக் பெர்ரியின் ராக் அண்ட் ரோலையும் மடி வாட்டர்ஸின் ப்ளூஸையும் கேட்டு வளர்ந்த தம்பிகளை அவர் அந்தப் பக்கமே திருப்பிவிட்டிருக்கிறார்.

ப்ளூஸ் என்றதும் உருகி உருகி நீளும் கிட்டார் சோலோவை எதிர்பார்க்க வேண்டாம். இதில் ப்ளூஸ் இருப்பது தாளத்தில். தலைப்புப் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கிட்டார் மட்டும், அவசரமே இல்லாமல். பாடகர் பிரையன் ஜான்சன் வழக்கமான உச்சஸ்தாயியை விட்டுவிட்டு அடித்தொண்டையில் உறுமுகிறார். டிரம்ஸ் முழுதாக இறங்கும்போது வேகம் கூடுவதில்லை, கனம்தான் கூடுகிறது.

ஒருமுறை பக்கத்து வீட்டுத் தவில்காரத் தம்பி கூட வந்தார். 'மெல்ட்டவுன்' ஓடும்போது ஃபில் ரட்டின் டிரம்ஸைக் கவனித்துக்கொண்டே வந்தவர், "இவரு அடிக்காம விடுற இடம்தாண்ணே அழகு" என்றார். செக்கானூரணி வருவதற்குள் தொடையில் அதே நடையைத் தட்டத் தொடங்கிவிட்டார். இந்த ஆல்பத்தைப் பற்றி நான் கேட்ட சரியான விமர்சனம் அதுதான்.

மால்கமின் ரிதம் கிட்டாரைக் கேட்க ஹெட்ஃபோன் வேண்டும். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் ஆங்கஸ். 'ஹோல்ட் மீ பேக்' பாட்டில் மால்கமை மட்டும் பின்தொடருங்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரே கிட்டார் துணுக்குதான் (ரிஃப்), ஆனால் சோலோ வந்தாலும் போனாலும் அந்தக் கை அசராது. 2017இல் ஜார்ஜும் மால்கமும் சில வார இடைவெளியில் இறந்துபோனார்கள். அதற்கப்புறம் இந்தப் பாட்டில் மால்கமைத்தான் முதலில் தேடுகிறேன்.

ஈக்வலைசரில் பாஸை ஏற்றாதீர்கள், கிளிஃப் வில்லியம்ஸின் பாஸ் கிட்டார் வாசிப்பு கொழகொழத்துப் போகும். எதையும் ஏற்றாமல் இறக்காமல் ஃபிளாட்டாக, நடுத்தரமான சத்தத்தில் வைத்தால் போதும்.

குறையும் உண்டு. பாடல் வரிகள் பெரும்பாலும் இரட்டை அர்த்தம், குடும்பத்தோடு போகும்போது போட முடியாது. 'கம் அண்ட் கெட் இட்' வரும்போதெல்லாம் தாண்டிவிடுவேன், அதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குச் சற்று முன்னால் வரும் 'சேட்டிலைட் ப்ளூஸ்' இன்னும் அலுக்கவில்லை. புதிதாகக் கேட்கிறவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.