போர்ட் லூயியில் அரைநாள் வரலாற்று நடை: போகலாம், ஆனால் ஒரு கட்டடத்தைக் கட்டாயம் காட்டச் சொல்லுங்கள்

மொரீஷியஸ் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரை விடுதியிலேயே நான்கு நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் திரும்பியிருப்போம். என் மனைவிதான் பிடிவாதமாக, தலைநகர் போர்ட் லூயியைக் காலாற நடந்து பார்க்கும் சுற்றுலா ஒன்றுக்கு விடுதி மூலம் பதிவு செய்தாள். ஆளுக்கு 1,500 மொரீஷியஸ் ரூபாய். போக வர வண்டி, வழிகாட்டி, வழியில் தின்பண்டம் எல்லாம் அதில் அடக்கம்.

எட்டரைக்கு வரவேண்டிய வண்டி ஒன்பது பத்துக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டார்கள், சரி. ஆனால் அந்த நாற்பது நிமிடத்தை ஈடுகட்ட எந்த இடத்தை வெட்டினார்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் புதுச்சேரிக்காரன். முப்பது வருடமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். அப்பா கொத்தனார். எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் சுவருக்குத்தான் போகும்.

வழிகாட்டி முப்பது வயதுப் பெண். அவருடைய குடும்பப் பெயர் முருகனின் பெயர்களில் ஒன்று. பிரெஞ்சுக்காரன் காதில் விழுந்தபடி எழுதி வைத்த பெயர். வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழியான கிரியோல். தமிழ் கோயில் பாட்டிலும் சமையலறையிலும் மட்டும் மிச்சம். ரசத்துக்கு 'ரசோன்' என்கிறார். தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு விடுமுறையாம். என்னை 'தோந்தோன்' என்று கூப்பிட்டார். கிரியோலில் மாமா, சித்தப்பா முறைக்கு அதுதான் சொல்லாம்.

துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனேயின் சிலையடியில் நடை தொடங்கியது. 1598இல் டச்சுக்காரர் வந்தது, கருங்காலி மரங்களை வெட்டிக் கப்பலேற்றியது, டோடோ பறவை அழிந்தது, 1710இல் அவர்கள் தீவை விட்டுப் போனது, 1715இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தது எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். அது போதும். 1810இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரர்களின் சட்டத்தையும் மொழியையும் சொத்தையும் தொடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள் என்றார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆங்கிலேயர் ஆண்ட நாட்டில் கடைப் பலகைகளில் ஏன் இவ்வளவு பிரெஞ்சு என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் விளங்கியது.

லபூர்தொனே பெயரில் எங்கள் ஊரில் ஒரு தெருவே இருக்கிறது. 1746இல் கப்பல்களோடு வந்து சென்னையைப் பிடித்தவர் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். 1735இல் இந்தத் தீவுக்கு ஆளுநராக வந்து, துறைமுகம் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கூட்டி வந்தவர் என்பது எனக்குத் தெரியாது. "உங்கள் ஊர் ஆட்கள்" என்று அந்தப் பெண் சொன்னபோது பக்கத்துக் கருங்கல் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். பவளப்பாறையைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் காரை அரைத்த காலம் அது.

அப்புறம் சந்தை. தால் பூரி கொடுத்தார்கள். நம்ம பருப்புப் போளியில் இனிப்பை எடுத்துவிட்டு மெல்லிசாகத் தட்டினால் எப்படி இருக்கும், அப்படி. மொச்சை மாதிரி ஒரு கொட்டையில் குழம்பு, தக்காளித் தொக்கு, பச்சைமிளகாய்ச் சட்னி தடவிக் காகிதத்தில் சுருட்டித் தருகிறார்கள். சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் இழுக்கும். குடிக்க அலூடா: பால், சப்ஜா விதை, கடற்பாசித் துருவல். இரண்டாவது டம்ளருக்கு நானே காசு கொடுத்தேன். ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் மனைவி அதைக் கொடுக்க விடாமல் பிடுங்கிக்கொண்டு வேறு தாள் எடுத்துத் தந்தாள்.

ஆப்ரவாசி காட் என்ற பழைய படித்துறைதான் இந்த நடையின் உயிர். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ 5 லட்சம் பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸுக்கு வந்தார்கள். 1849இலிருந்து அவர்களை இறக்கிப் பதிவு செய்த இடம் இது. 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. படகிலிருந்து ஏறி வந்த கற்படிகள் இருக்கின்றன. கடலைத்தான் காணோம்; தூர்த்து மேடாக்கிவிட்டார்கள். பக்கத்திலேயே நெடுஞ்சாலையில் லாரி போகிறது. ஆளுக்கொரு எண், மாதம் 5 ரூபாய், ஐந்து வருட ஒப்பந்தம். ஒரு நாள் வேலைக்கு வரவில்லை என்றால் இரண்டு நாள் கூலியைப் பிடிப்பார்களாம். 'இரட்டை வெட்டு' என்று அதற்குப் பெயர். நானும் கூலி கொடுக்கிறவன்தான். அதைக் கேட்டபோது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அங்கே அவர் அவசரப்படுத்தவே இல்லை. ஒரு மணி நேரம் இருந்தோம். அவருடைய முன்னோர் ஒருவரின் எண் அவருக்கு மனப்பாடம். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. அங்கே போய்த் தேடி எடுத்தாராம்.

இனி என் குறை. ஆப்ரவாசி காட்டுக்கு நடக்கிற தூரத்தில் லபூர்தொனே காலத்து இராணுவ மருத்துவமனை இருக்கிறது. இப்போது அது அடிமை முறை அருங்காட்சியகம். எங்கள் பட்டியலில் அது இருந்தது. 'நேரம் இல்லை' என்று வாசலோடு கூட்டிப்போய்விட்டார்கள். ஆனால் டோடோ பொம்மை விற்கிற கடையில் நாற்பது நிமிடம் உட்கார வைக்க நேரம் இருந்தது. கேட்டதற்கு, கடை நிறுவனத்தின் கட்டாயம், தன் கையில் இல்லை என்றார் வழிகாட்டி. அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

மறுநாள் பேருந்து பிடித்து நானே போனேன். போகாமல் இருந்திருந்தால் பாதிக் கதையோடு ஊர் திரும்பியிருப்பேன். 1835 பிப்ரவரி 1இல் அடிமை முறை ஒழிந்தபோது ஆங்கில அரசு 20 லட்சம் பவுண்டுக்கு மேல் நட்ட ஈடு கொடுத்தது, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அடிமைகளுக்கு ஒன்றும் இல்லை. அதற்கு மேலும் நான்கு வருடம் 'பயிற்சி' என்ற பெயரில் அதே கரும்புக் காட்டில் வேலை. அவர்கள் விட்டுப்போன இடத்தை நிரப்பத்தான் நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். மொசாம்பிக், மடகாஸ்கர் மக்களோடு இந்தியாவிலிருந்தும் பிரெஞ்சுக்காரர்கள் அடிமைகளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து போனவர்கள் எல்லோரும் கூலி வாங்கிய கொத்தனார்கள் அல்ல. இதை விட்டுவிட்டு ஒப்பந்தக் கூலிகளின் கதையை மட்டும் சொல்வது நியாயமே இல்லை.

முதல் நாள் நடையில் கடைசியாகப் போனது அடிலெய்ட் மலைக்கோட்டை. அடிமை முறையை ஒழித்தால் தோட்ட முதலாளிகள் கலகம் செய்வார்கள் என்று அஞ்சி ஆங்கிலேயர் கட்டியது. மேலிருந்து ஷான் த மார்ஸ் குதிரைப் பந்தயத் திடல் தெரிகிறது. 1968 மார்ச் 12இல் விடுதலைக் கொடி ஏறியது அங்கேதான். வழிகாட்டி அதைக் காட்டிவிட்டு, துறைமுகத்துக்கு அப்பால் ரோஷ் புவா பக்கம் கை நீட்டினார். 1965இல் ஆங்கிலேயர் மொரீஷியஸிடமிருந்து பிரித்து எடுத்துக்கொண்ட சாகோஸ் தீவுகளிலிருந்து விரட்டப்பட்டவர்கள் குடியேறிய பகுதிகளில் ஒன்று.

வழிகாட்டிக்கு ஐந்துக்கு ஐந்து. நிறுவனத்துக்கு மூன்று. பதிவு செய்யும்போதே கடை வேண்டாம், மருத்துவமனைக் கட்டடத்துக்கு உள்ளே போகவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் அதை முதலில் பார்த்துவிட்டு ஆப்ரவாசி காட்டுக்கு நடங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள்; கோட்டையில் நிழல் குறைவு.