மொரிஸ் மைனருக்குப் புது கிங்பின் செட்: மலைநாட்டு ரோட்டுக்குத் தாங்குமா?

மொரிஸ் மைனரின் முன் சக்கரம் திடீரென்று மடங்கி விழும் என்று பழைய பாஸ்மார் சொல்வது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட இந்த வண்டியின் முன் காலில் போல் ஜொயின்ட் (குண்டு மூட்டு) கிடையாது. சக்கரம் ஒடிந்து திரும்பும் நிமிர்ந்த தண்டுதான் கிங்பின். அதன் மேல் நுனியும் கீழ் நுனியும் மரை வெட்டப்பட்டு, ஒவ்வொன்றும் ட்ரனியன் என்ற உள்மரை போட்ட இரும்புக் கட்டைக்குள் திருகி நிற்கின்றன. ஸ்டியரிங்கை ஒடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மரைதான் உராய்கிறது. கீழ் மரை தேய்ந்து மெலிந்தால், வண்டியின் பாரம் ட்ரனியனைக் கீழே அமுக்க, கிங்பின் மேலாக உருவிக்கொண்டு வந்துவிடும். முழுவதும் ஒடித்து மெதுவாக ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கும். லயத்து முற்றத்தில் நடந்தால் மட்கார்டோடு போகும். ரம்பொடை வளைவில் நடந்தால்?

இங்கிலாந்திலிருந்து வரும் புதுச் செட்டில் ஒரு பக்கத்துக்கு, சக்கர அச்சோடு சேர்ந்த கிங்பின் ஒன்று, ட்ரனியன் இரண்டு, கிரீஸ் நிப்பிள் இரண்டு, மேல் ட்ரனியனுக்கான ரப்பர் புஷ் இரண்டு இருக்க வேண்டும். இதன் பலம் மரைதான். கையால் திருகினாலே ட்ரனியன் சீராக இறங்குகிறது. பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லை. பலவீனம் ரப்பர். ஒயில் பட்டால் சீக்கிரம் ஊதிவிடும். பொலியூரித்தேன் புஷ் போட்டால் கூடுதல் காலம் நிற்கும், ஆனால் குழி விழுந்த தோட்ட ரோட்டில் கொஞ்சம் கடினமாகத் தெரியும். அதை வண்டிக்காரர் விருப்பத்துக்கு விடலாம்.

காசை மிச்சம் பிடிக்க இரண்டு குறுக்கு வழிகள் இங்கே நடக்கின்றன. ஒன்று, பழைய பின்னுக்குப் புது ட்ரனியன். தேய்ந்த மரை புது மரையில் ஓரிரு இடத்தில் மட்டும் பட்டு, அதையும் வேகமாகத் தின்றுவிடும். மற்றது, தேய்ந்த மரையை வெல்டிங்கால் நிரப்பி லேத்தில் மறுபடி வெட்டுவது. இது ஆளைக் கொல்லும் வேலை. வெல்டிங் சூடு இரும்பின் பதத்தைக் கெடுத்து மயிரிழை வெடிப்பை உண்டாக்கும். மேலே பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. இலங்கையில் திறமைக்குப் பஞ்சமில்லை, மைனருக்குப் பாகங்கள் செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பிய தொழிற்சாலை காலியில் இயங்கியது. ஆனால் வெல்டிங் போட்ட கிங்பின்னுக்கு எந்த லேத்காரரும் உத்தரவாதம் தர முடியாது.

வாங்குமுன் கோளாறு எங்கே என்று பாருங்கள். கீழ் ட்ரனியனைத் தாங்கும் கீழ் ஆர்மின் வெளிநுனிக்கு அடியில் ஜக் வைத்துச் சக்கரத்தைத் தூக்கினால் மரையிலிருந்து பாரம் இறங்கிவிடும். அலவாங்கால் டயரை மேலே நெம்பும்போது, ட்ரனியன் அசையாமல் கிங்பின் மட்டும் ஏறி இறங்கினால் மரை போய்விட்டது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பெயாரிங். நிற்காவிட்டால் கிங்பின் பக்கம். மைனரில் மேல் ஆர்ம் என்பதே ஷொக் அப்சோபரின் லீவர்தான். அதன் தண்டு தேய்ந்தாலும் இதே ஆட்டம் வரும், அதற்குப் புதுச் செட் போட்டு ஒரு பயனும் இல்லை.

பூட்டும்போது கீழ் ஆர்முக்கு அடியிலிருக்கும் ஜக்கை வேலை முடியும்வரை எடுக்கக் கூடாது. முன் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பாரின் முறுக்கு முழுவதும் அந்த ஆர்மில்தான் இருக்கிறது; மேல் பக்கத்தைக் கழற்றிய பிறகு ஜக் நழுவினால் கை போகும். பிரேக் ஹோசில் பாரத்தைத் தொங்கவிடாதீர்கள். ட்ரனியனைக் கடைசிவரை திருகி, பிறகு சற்றுத் தளர்த்தி, சக்கரம் இரு பக்கமும் முழுவதும் ஒடியும்போது எங்கும் முட்டாமல் வையுங்கள். ரப்பர் புஷ் நட்டை, வண்டியை இறக்கிப் பாரம் சக்கரத்தில் ஏறிய பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும். கடைசியாக டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கத்தில் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு), 3/32 அங்குலம், அதாவது சுமார் 2.4 மில்லிமீற்றர்.

கிரீஸ் இல்லாவிட்டால் எந்தச் செட்டும் நிலைக்காது. தென்மேல் பருவமழைக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் ஓடும் வண்டிக்குச் சேறும் தண்ணீரும் கீழ் ட்ரனியனைத்தான் முதலில் பிடிக்கும். 1,500 கிலோமீற்றருக்கு ஒரு தடவை, கீழ் ஆர்முக்கு ஜக் வைத்து மரையிலிருந்து பாரத்தை இறக்கிவிட்டு, பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடியுங்கள். பாரத்தோடு அடித்தால் உரசும் முகத்துக்கு கிரீஸ் போகாது. ட்ரனியன் உள்ள இன்னொரு பழைய காரான ட்ரையம்ப் ஹெரால்ட் வைத்திருப்பவர் கியர் ஒயில்தான் விட வேண்டும் என்பார்; அது அவருடைய வண்டிக்குச் சரி.

கொழும்பில் வண்டிப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்குபவர்கள் கடையிலேயே பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு வல மரை, மறு பக்கத்துக்கு இட மரை. இரண்டும் ஒரே பக்கமாகத் திருகினால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். ஹட்டனுக்கு வந்து பார்த்தால் மறுபடி கொழும்புக்கு இறங்க வேண்டியதுதான்.