டோமர் தட்டைக் கூரை வேலை: ஒரு குளிர்காலம் கழிந்தபின் எழுதும் மதிப்பீடு

லண்டன் ஹரோவில் உள்ள எங்கள் வரிசை வீட்டின் லொஃப்டை, அதாவது கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடத்தை, முன்னைய உரிமையாளர் 1988இல் அறையாக மாற்றி, பின்புறம் சரிவுக் கூரையிலிருந்து பெட்டிபோல் துருத்தி நிற்கும் டோமர் எழுப்பி, அதன்மேல் ஃபெல்ட் என்னும் தார்த்தாள் ஒட்டிய தட்டைக் கூரை போட்டிருந்தார். அந்தக் கூரையைச் சென்ற ஆண்டு மார்ச்சில் பிரித்துப் புதிதாக அமைத்துத் தந்த நிறுவனத்தின் வேலையைப் பற்றி எழுத, ஒரு முழுக் குளிர்காலம் போகட்டும் என்று காத்திருந்தேன். குறைகளும் சொல்ல இருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

மழை கொட்டும் நாளில் எங்கள் சீலிங்கில் ஒரு சொட்டும் இராது. வானம் தெளிந்த உறைபனிக் காலைகளில்தான் விளக்கு வளையத்தில் நீர்த்துளி தொங்கும். இது ஒழுக்கு அல்ல என்பதற்கு அந்த ஒன்றே போதும். ஆயினும் முதலில் வந்த ஒரு கூரைக்காரர் பழைய ஃபெல்ட்டின்மேல் இன்னொரு ஃபெல்ட்டை ஒட்டிவிட்டு 900 பவுண்ட் வாங்கிச் சென்றார். அடுத்த ஜனவரியில் அதே இடத்தில் அதே துளி.

இந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் ஏணியைத் தொடுவதற்கு முன்பே விளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் கைபேசியை நுழைத்துப் படம் எடுத்துக் காட்டினார். 150 மி.மீ. உயரமுள்ள மரச்சட்டங்களுக்கு இடையே கண்ணாடிக் கம்பளி, மேலே உள்ள, மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்ட் பலகையைத் தொடுமளவுக்குத் திணிக்கப்பட்டிருந்தது. பலகையின் அடிப்பக்கம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்து, ஊறிய பிஸ்கட்டைப் போல உப்பியிருந்தது. அதைவிடக் கொடுமை, குளியலறை விசிறியின் நெளிகுழாய் வெளியே போகாமல் கம்பளிக்குள்ளேயே முடிந்திருந்தது; குளிக்கும்போதெல்லாம் எழுந்த ஆவியை நாங்களே கூரைக்குள் ஊதிக்கொண்டிருந்திருக்கிறோம்.

வெப்பக் காப்பைப் பலகைக்குக் கீழே வைக்கும் இத்தகைய 'குளிர்க் கூரை'யில் பலகை எப்போதும் குளிர்ந்தே இருக்கும். அறையிலிருந்து கசியும் ஈரக்காற்று அதில் பட்டால் நீராகும் என்பதால், காப்புக்கு மேல் 50 மி.மீ. காற்றிடைவெளியும், எதிரெதிர் விளிம்புகளில் 25 மி.மீ. தொடர் இடுக்குக்கு ஈடான திறப்பும் வேண்டும். டோமரில் இதற்கு வழி குறைவு. பின்விளிம்பில் திறப்பு வைக்கலாம். மறுமுனை முகட்டில் முட்டி நிற்கிறது, இரு பக்கமும் அயல்வீட்டுச் சுவர்கள். ஸ்காட்லாந்தின் கட்டட வழிகாட்டி தட்டைக் கூரைக்குக் குளிர் முறையைத் தவிர்க்கவே சொல்கிறது. எங்கள் சட்டங்களில் இடைவெளி போக மிஞ்சுவது 100 மி.மீ.; இங்கிலாந்தில் கூரையின் பாதிக்கு மேல் புதுப்பிக்கும்போது விதி எதிர்பார்க்கும் 0.16 என்ற யூ மதிப்பை (வெப்பம் கசியும் அளவு; குறையக் குறைய நல்லது) அதற்குள் எட்டமுடியாது. சீலிங்கைக் கீழிறக்கவோ, ஏற்கெனவே 2.1 மீட்டரே உயரமுள்ள அறையில் இடமில்லை.

ஆகவே காப்பு முழுவதையும் பலகைக்கு மேலே கொண்டுசெல்லும் 'வெப்பக் கூரை'யை அவர்கள் பரிந்துரைத்தனர். நனைந்த கம்பளியை அகற்றி, 18 மி.மீ. பிளைவுட் அடித்து, அதன்மேல் நீராவித் தடுப்புத் தாளை ஒட்டி, விளிம்புகளில் மேலே மடித்து, 140 மி.மீ. பி.ஐ.ஆர். என்னும் கெட்டி நுரைக் காப்புப் பலகைகளைப் பதித்து, ஈ.பி.டி.எம். ரப்பர்த் தாளை ஒரே துண்டாக விரித்தார்கள். பிறகு பழைய காற்றுத் துவாரங்கள் அனைத்தையும் அடைத்தார்கள். கூரைக்கு மூச்சு வேண்டாமா என்று என் மைத்துனர் தகராறு செய்தார். எனக்கும் அதே ஐயம் இருந்தது. மேலே காப்பு, கீழே குளிர்காற்று என்று விடுவது போர்வைக்கும் உடம்புக்கும் நடுவே விசிறி போடுவதற்குச் சமம் என்றார் மேற்பார்வையாளர். பலகை இனி அறையின் சூட்டிலேயே இருப்பதால் அதில் நீர் படியக் காரணமில்லை என்பதை, துவாரங்களை அடைக்கும் முன்பே விளக்கியிருந்தால் அந்தத் தகராறு வந்திராது.

காப்பு மேலே போனால் கூரையும் உயரும்; அந்த உயரத்தைக் கவனித்ததற்காக அவர்களைப் பாராட்டுகிறேன். டோமர் வீட்டின் முகட்டைத் தாண்டினால் தனியே திட்ட அனுமதி வேண்டும். கயிறு பிடித்து அளந்ததில் முகடு வரை எங்களுக்கு 165 மி.மீ. மட்டுமே இருந்தது. கழிவுக் காற்றுக் குழாயையும் புதிய மேற்பரப்பிலிருந்து 150 மி.மீ. மேலே நிற்குமாறு நீட்டிவிட்டார்கள். ஆனால் இவ்வளவு கவனித்தவர்கள் மழைநீரை ஏந்தும் பீலியை மறந்துவிட்டார்கள். கூரை விளிம்பு உயர்ந்துவிட, பீலி பழைய இடத்திலேயே கிடந்ததால், முதற்பெருமழையில் நீர் அதைத் தாண்டிச் சமையலறைக் கண்ணாடிக் கூரையில் அறைந்தது. அகலமான முகப்புப் பலகை வைத்துப் பீலியை உயர்த்த 380 பவுண்ட் மேலதிகமாகக் கேட்டார்கள். முதல் மதிப்பீட்டிலேயே இருந்திருக்க வேண்டிய செலவு அது, வாதாடிப் பாதியைத்தான் கொடுத்தேன். சாரத்தையும் வரியையும் சேர்த்து ஒப்புக்கொண்ட தொகை 6,200 பவுண்ட். வேலை பதினொரு நாள் தாமதமாகத் தொடங்கி நான்கு நாளில் முடிந்தது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு துளியும் தொங்கவில்லை. அந்த அறையின் ஈரப்பதமானி முன்பு காலைகளில் 74 சதவீதம் காட்டும், இப்போது 55ஐ ஒட்டி நிற்கிறது. இதில் விசிறிக் குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுபோனதன் பங்கு பெரிது என்றே நினைக்கிறேன். ஜூலை வெக்கையில் மகள் படிக்க மறுத்துக் கீழே இறங்கி வந்துவிடும் அறை அது; இந்த முறை மேசையை மேலேயே விட்டிருக்கிறாள். கட்டட விதிச் சான்றிதழ் மட்டும் மூன்று மின்னஞ்சல்களுக்குப் பிறகே வந்தது. வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் கேட்கும் காகிதம் அதுதான் என்பதால், இவர்களிடம் வேலை கொடுப்பவர்கள் கடைசித் தவணையை அது கைக்கு வரும்வரை நிறுத்தி வைக்கலாம்.